இலியேயின் கல்யாணச் சட்டை

தம்பி,

இதைக் கையால் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்லத் தொடங்கினால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்க உனக்கு நேரமெடுக்கும் என்பதும் தெரியும். எடுக்கட்டும், மெதுவாக வாசி. வாசித்து முடித்த பிறகு ஆரணியிடமும் கொடு. இன்னும் மூன்று கிழமையில் அவள் உன் மனைவி. நம் வீட்டுக்கு வருகிறவள் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு வருவதுதான் சரி.

உன்னை நான் ஒரே ஒரு நாள்தான் அடித்திருக்கிறேன். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. துரோண்ட்ஹெய்முக்குப் படிக்கப் போக இரண்டு நாள் இருந்தது. உடுப்பு அடுக்கப் பெட்டி தேடி, எங்கள் அறை அலுமாரிக்கு மேலே கிடந்த மண்ணிறப் பெட்டியை இறக்கியிருக்கிறாய். அதற்குள் ஒரு நீளச் சட்டை இருந்தது. நான் வேலையிலிருந்து வந்து அறைக் கதவைத் திறந்தபோது, கண்ணாடிக்கு முன்னால், முழங்கால் வரை தொங்கும் அந்தச் சட்டையோடு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆண் நின்றான். "அம்மா, இது ஆரின்ரை சட்டை? எனக்கு அளவாயிருக்கு" என்று சிரித்துக்கொண்டு நீ திரும்பினாய். நான் ஓடிவந்து உன் கன்னத்தில் அறைந்தேன். "கழட்டு, கழட்டு" என்று கத்தினேன். நீ கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனாய். இரண்டு நாளில் ரயில் ஏறினாய். அதற்குப் பிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது யாருடைய சட்டை, ஏன் என் அலுமாரிக்கு மேல் இருந்தது என்பதை இப்போது சொல்கிறேன்.

ஸ்டோவ்னர் கடைத்தொகுதியில் நான் வேலை செய்த துணி வெளுக்கும் கடை உனக்கு நினைவிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்ணாடி வழியாக எனக்குக் கை காட்டிவிட்டுப் போவாய். உள்ளே இஸ்திரி மேசையில் என்னோடு நின்றவள் வியோரிகா. ருமேனியாவின் வடக்கே, மலையடிவாரத்தில் ஒரு கிராமம் அவளுடைய ஊர். எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த நோர்வேஜிய மொழி ஒன்றுதான். ஆனால் எட்டு மணித்தியாலம் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆவி குடிக்கிற இரண்டு பெண்களுக்கு அது தாராளமாகப் போதும். அவள் சொன்னவற்றை எனக்குக் கேட்டபடி நம்முடைய தமிழிலேயே எழுதுகிறேன். வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியாது.

மே பதினேழு, தேசிய நாளுக்கு முன் அந்தக் கடை எப்படி இருக்கும் என்று நீ கண்டிருக்கிறாய். நோர்வேப் பெண்களெல்லாம் தங்கள் ஊர் உடுப்பான பூனாத்தைக் கொண்டுவந்து தருவார்கள். கம்பளிப் பாவாடை, பூவேலை செய்த மேற்சட்டை, வெள்ளிப் பொத்தான். பூனாத்தைக் கையால் மட்டும்தான் தொட வேண்டும், ஒவ்வொரு நூலையும் ஈரத் துணியால் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர் காட்ட வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. நானும் அப்படியே செய்வேன். ஒரு வருடம் அந்த நாளில் வியோரிகா தன் ஊர் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். "அவையிட்டை மட்டுந்தான் இருக்கோ? எங்களிட்டையும் இருக்கு" என்றாள். கழுத்தைச் சுற்றிக் கொசுவிய வெள்ளை மேற்சட்டை. தோளில் நெருக்கமான சிவப்பும் கறுப்பும் கலந்த வேலைப்பாடு. அதன் கீழே ஒரே நிறத்தில் ஒடுங்கிய ஒரு பட்டை. அதிலிருந்து மணிக்கட்டு வரை சாய்வாக இறங்கும் கோடுகள். அந்தக் கோடுகளுக்கு அவர்கள் ஊரில் ஆறுகள் என்று பெயர். இடுப்பில் பாவாடை இல்லை. கறுப்புக் கம்பளித் துணி ஒன்றை நாங்கள் சேலை சுற்றுவது போல இறுக்கிச் சுற்றி, மேலே நெய்த சிவப்பு அரைக்கச்சை. தலையில் துணி. "கலியாணம் கட்டாத பெட்டையள் தலையை மூடமாட்டினம். நான் மூடவேணும்" என்று சிரித்தாள். தைத்தது யாரென்று கேட்டேன். எல்லாம் அவளே தைத்தது. அவளுடையதும், கணவருடையதும்.

கணவர் பெயர் இலியே. வீடு கட்டுகிற இடங்களில் தச்சு வேலை. ஆள் பெரியவர், குரல் சின்னது. கடைக்கு வந்தால் வாசலில் பூட்சைத் தட்டித் தட்டிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். அவருடைய கல்யாணச் சட்டையைப் பற்றி வியோரிகா பலமுறை சொல்லியிருக்கிறாள். அவர்கள் ஊரில் மாப்பிள்ளையின் சட்டையைப் பெண் தன் கையால் தைக்க வேண்டும். வெள்ளை லினன், முழங்கால் வரை நீளம். நெஞ்சிலும் மணிக்கட்டிலும் கீழ் விளிம்பிலும் வேலைப்பாடு. அதன் கீழே ஒடுங்கிய வெள்ளைக் காற்சட்டை, இடுப்பில் கையகலத் தோல் பட்டி, மேலே பூ வைத்த ஆட்டுத்தோல் அங்கி. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தச் சட்டையைத் தைத்தாளாம். கல்யாணத்துக்குப் போட்டது, பிறகு ஒவ்வொரு ஈஸ்டருக்கும் போடுவது. "கடைசியாச் சவப்பெட்டிக்குள்ளையும் அதோடைதான் படுக்கவேணும். அதுக்கெண்டுதான் கவனமா வைக்கிறது" என்று, இஸ்திரிப் பெட்டியை அழுத்திக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. உனக்கு அப்போது பதினேழு வயது, பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். எனக்கு அந்தக் கடையில் நிரந்தர வேலை கிடைத்து ஒரு மாதம். அதற்கு முன் நாலு வருடம், யாராவது வராத நாளுக்குக் கூப்பிடுகிற ஆளாகத்தான் இருந்தேன். வியோரிகா தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக ஊருக்குப் போயிருந்தாள். ஒரு நாள் காலை இலியே வந்தார். கையில் ஒரு காகிதப் பை. உள்ளே அந்தச் சட்டை. ஏதோ ஒரு விருந்தில் போட்டு, நெஞ்சில் பிளம்ஸ் பழச் சாராயம் கொட்டிவிட்டதாம். "அவளுக்குச் சொல்லாதையுங்கோ, பேசுவாள். வரமுன்னம் சுத்தமாக்கி வைச்சிட்டா ஈஸ்டருக்குப் போடலாம்" என்றார். அவசரமில்லை என்றும் சொன்னார். தெரிந்த மனிதர்தானே என்று நான் சீட்டு எழுதவில்லை.

அன்று மேசை நிறையப் பூனாத். பதினொரு மணிக்குள் அனுப்ப வேண்டிய உணவகத்து மேசைவிரிப்புகள் இயந்திரத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. நான் இலியேயின் சட்டையை எடுத்தேன். வெள்ளைத் துணிதானே என்று நினைத்தேன். நூலை அழுத்திப் பார்க்கவில்லை. மேசைவிரிப்புகளோடு சேர்த்து அறுபது பாகைச் சூட்டில் போட்டேன். வெளியே எடுத்தபோது சிவப்பு நூல் அழுது சட்டை முழுக்க இறங்கியிருந்தது. நெஞ்சு, கை, கீழ்விளிம்பு எல்லாம் ரோசா நிறம். சில இடத்தில் ஆறாத காயத்தின் நிறம். வேலைப்பாடு சுருங்கிக் கோணியிருந்தது. மேசைவிரிப்புகளில் பட்ட சாயம் வெளுப்புக் காரத்தில் போய்விட்டது.

தம்பி, இதைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். பணக்கார வீட்டுப் பூனாத் என்றால் என் விரல் தானாக ஈரத் துணியைத் தேடும். ஒரு தச்சனுடைய சட்டை என்றதும் என் விரல் ஒன்றையும் தேடவில்லை. நானும் இந்த நாட்டுக்கு ஒரு பையோடு வந்தவள்தான். வந்த புதிதில் எங்கள் பைகளை விமான நிலையத்தில் ஒருவன் எப்படிக் கொட்டினான் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், இன்னொரு வெளியூர்க்காரருடைய துணியை அப்படித்தான் கையாண்டேன். நீ மதிப்பவர்களின் பொருளைக் கவனமாகத் தொடுவது பெரிய விஷயமில்லை. உன்னிடம் சண்டைக்கு வரமாட்டார் என்று தெரிந்த மனிதரின் பொருளை எப்படித் தொடுகிறாய் என்று உன்னை நீயே கேட்டுக்கொள்.

இலியே நாலு நாள் கழித்து வந்தார். பூட்சைத் தட்டினார். "சட்டை?" என்று கேட்டார். "இன்னும் ஆகேல்லை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த கிழமை மறுபடி வந்தார். "பூனாத் நிறைய, நேரமில்லை" என்றேன். மூன்றாவது முறை வந்தபோது அவர் முகத்தில் ஒரு வாட்டம் இருந்தது, இடது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாளையிண்டைக்கு வியோரிகா வாறாள்" என்று சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்தது. அன்றாவது சொல்லியிருக்கலாம். "இலியே, கெடுத்துப்போட்டன்" என்று இரண்டே சொல். அவர் கோபப்படக்கூட மாட்டார். எனக்கோ நிரந்தர வேலைக்கு வயது ஒரு மாதம். முதலாளிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம். "வெள்ளிக்கிழமை வாங்கோ" என்றேன். அவர் என்னை நம்பினார். கதவைத் திறந்து, திரும்பி, "நன்றி" என்றார்.

புதன்கிழமை, கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நெஞ்சு அடைத்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர முதலே முடிந்துவிட்டது.

உடலை ஊருக்கு அனுப்ப வேண்டும். வியோரிகா வந்து இறங்கிய அடுத்த நாள் அது. நானும் அப்பாவும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஒற்றை அறை. கட்டில் கவிழ்ந்து கிடந்தது, பெட்டிகளெல்லாம் திறந்து தரையில் கொட்டியிருந்தன. தோல் பட்டி இருந்தது, ஆட்டுத்தோல் அங்கி இருந்தது, காற்சட்டை மடித்தபடி இருந்தது. நடுவில் அவள் முழங்காலில் நின்றாள். என்னைக் கண்டதும் எழும்பி வந்து இரண்டு கையையும் பிடித்தாள். "அவரின்ரை சட்டையைக் காணேல்லை. கடைக்கு ஏதும் கொண்டு வந்தவரோ?"

"இல்லை" என்றேன்.

இவ்வளவுதான். ஒரு சொல். அந்த நேரத்தில் சட்டை கடையின் பின்னறையில், என் மேலங்கிக்குக் கீழே ஒரு பையில் இருந்தது. டி-பானே ரயிலில் ஒரே ஒரு தரிப்பு. போய் எடுத்து வர இருபது நிமிடம் போதும். ரோசாவாக இருந்தாலும் அது அவருடைய சட்டை. அவள் அதைப் போட்டு அனுப்பியிருப்பாள். அவர் பெட்டிக்குள் கடைத்தெருவில் வாங்கிய சாம்பல் நிறக் கோட்டோடு ஊருக்குப் போனார். நான் விமான நிலையம் வரை போய், அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

என் அண்ணாவைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், உன் மாமா. ஒரு பின்னேரம் சைக்கிளில் போனவர் திரும்பி வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. அவர் போட்டிருந்தது கை மடித்த நீலச் சட்டை. என் அம்மா அந்தச் சட்டையின் நினைவு ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தா. அகதி முகாம்களில், வைத்தியசாலை வாசல்களில், காண்கிறவர்களிடமெல்லாம் "நீலச் சட்டை போட்ட பெடியன், கண்டனீங்களோ?" என்று கேட்டா. போனவர் என்ன உடுப்போடு போனார் என்பது இருக்கிறவர்களுக்கு எவ்வளவு என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்குத் தெரியும்? தெரிந்துகொண்டுதான் "இல்லை" என்றேன்.

வியோரிகா ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். முன்பு போல் இல்லை. ஒரு நாள் இஸ்திரி மேசையில், யாரிடமும் சொல்வது போல் இல்லாமல், "வித்துப்போட்டாரோ தெரியாது. குடிக்கிறதுக்கு வித்திருப்பார்" என்றாள். இன்னொரு நாள், "ஆருக்கோ குடுத்திருக்கிறார். நான் இல்லாத நேரம் ஆரோ ஒருத்தி வந்திருக்கிறாள்" என்றாள். தாலியை விற்ற கணவனைப் பற்றி நம் பெண்கள் எப்படிப் பேசுவார்களோ, அப்படிப் பேசினாள். இலியேயை எனக்குத் தெரியும். அவள் வருகிறாள் என்று சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்றும் தெரியும். நான் துணியை மடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வருடத்தில் அவள் சுவரிலிருந்த கல்யாணப் படத்தைக் கழற்றிவிட்டாள். அவரைப் புதைத்தது மண். அவருடைய நல்ல பெயரைப் புதைத்தது நான்.

சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து அந்த மண்ணிறப் பெட்டிக்குள் வைத்தேன். எறிய முடியவில்லை; இரண்டு முறை குப்பை அறை வரை கொண்டுபோய்த் திரும்பியிருக்கிறேன். கடையில் வாசலில் யாராவது பூட்சைத் தட்டினால் என் கை நின்றுவிடும். நிமிர்ந்து பார்த்தால் பனி தட்டுகிற யாரோ ஒரு நோர்வேக்காரர் நிற்பார். ஆனால் நிமிர்வதற்கு முன்னான அந்த ஒரு கணத்தில் நிற்பது அவர்தான். வெள்ளிக்கிழமைகளில் கூடுதலாக வருவார். நான் சொன்ன நாள் அல்லவா. நீ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது, உன் உயரமும் தோள் அகலமும் அவருடையதாக இருந்தன. "எனக்கு அளவாயிருக்கு" என்றாய். நான் அடித்தது உன்னை அல்ல தம்பி. அடி விழுந்தது உன் கன்னத்தில்தான். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

நீ வெளியே போன பிறகு அப்பா வந்தார். கட்டிலில் சட்டை, பக்கத்தில் நான். எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வருடமாக மறைத்திருந்தேன்; பக்கத்தில் படுத்த மனிசனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் என்னைத் திட்டவில்லை. சட்டையை மடித்தார், தப்பும் தவறுமாக மடித்தார். "எழும்பு, இப்ப போவம்" என்றார். "நாளைக்குப் போவம்" என்றேன். "நாளைக்கெண்டா நீ போகமாட்டாய்" என்றார். அவருக்கும் என்னைத் தெரியும். வியோரிகா வீட்டுக்குப் போனோம். அவர் கீழே வாசலில் நின்றார்; நான் தனியாக மேலே ஏறினேன்.

வியோரிகா கதவைத் திறந்தாள். நான் பையை நீட்டி, நீ போட்டுப் பார்த்தது வரை எல்லாவற்றையும் படிகளிலேயே சொல்லிவிட்டேன். உள்ளே கூப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றால் சொல்ல மாட்டேன் என்று பயம். அவள் சத்தம் போடவில்லை. சட்டையை வெளியே எடுத்து, விளக்குக்குக் கீழே பிடித்து, நெஞ்சுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ரோசா நிறத்துக்குள் ஒரு மங்கல் மஞ்சள் வட்டம் அப்போதும் இருந்தது. "சாராயம்" என்றாள். பிறகு அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினை தரம் வந்தவர்?"

"மூண்டு தரம்."

"என்ன சொன்னவர்?"

"நீங்கள் வாறியள் எண்டு சொன்னவர். நன்றி எண்டு சொன்னவர்."

"ரெண்டு வருஷம்" என்றாள். "ரெண்டு வருஷம் செத்த மனிசனோடை நான் சண்டை பிடிச்சனான். ஊருக்குப் போயும் கல்லறையிலை நிண்டு பேசினனான். மெழுகுதிரி கொளுத்தாமல் வந்தனான்." கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவள் முதலாளியிடம் சொல்லவில்லை. அடுத்த நாளும் அதே மேசையில் பக்கத்தில் நின்றாள். எட்டு மாதம் வேலைக்குத் தேவையான சொல்லைத் தவிர ஒன்றும் பேசவில்லை. "சூடு காணாது." "நூல் தா." அவ்வளவுதான். நீ அந்த வருட நத்தார் விடுமுறைக்கு வந்து, அம்மா ஏன் மெலிந்துபோனா என்று கேட்டாய். ஆவிக்குள் நிற்கிறதால் என்று அப்பா சொன்னார். அவரும் எனக்காக ஒரு பொய் சொன்னார்.

வசந்தத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வியோரிகா நம் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பை; அதில் ரொட்டி, மெழுகுதிரி, தோல் பட்டி, அந்தச் சட்டை. கோணிப்போன வேலைப்பாட்டையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டு, புதுச் சிவப்பு நூலால் மறுபடி தைத்திருந்தாள். ஒரு குளிர்காலம் முழுக்க, இரண்டாவது முறையாக. துணியின் ரோசா நிறம் மட்டும் போகவில்லை. "அவர் கனவிலை வாறார். அந்தச் சாம்பல் கோட்டோடை நிக்கிறார். கதைக்கிறாரில்லை" என்றாள். அவர்கள் ஊரில், இறந்தவருக்கு ஒன்று போய்ச் சேர வேண்டுமென்றால் அதை உயிரோடு இருக்கிற ஒருவருக்குத் தானமாகக் கொடுக்க வேண்டுமாம். ரொட்டியும் மெழுகுதிரியும் வைத்து, இறந்தவரின் பெயரைச் சொல்லிக் கொடுப்பார்கள். வாங்கினவர் அதைப் போட்டுக்கொண்டு நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும். இவர் இங்கே போட்டால், அவர் அங்கே போட்ட மாதிரி. "உன்ரை மகன் ஈஸ்டருக்கு வருவான்தானே" என்றாள். "அவனுக்கு அளவாயிருந்தது எண்டு சொன்னனி."

நான் என்ன சொன்னேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். "என்ரை பிள்ளை வேண்டாம்" என்றேன். ஒரே பிள்ளை, இனித்தான் வாழப்போகிறவன், அவன் மேல் செத்தவருடைய சட்டையா என்று பயந்தேன். அவளுடைய மனிசனின் சட்டையை எடுத்தவள் நான்; அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி கேட்டு அவள் என் வாசலுக்கு வந்தபோது, எனக்கு முந்தி வந்தது அந்தப் பயம்தான். வியோரிகா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை; ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இன்னொரு முறை பார்ப்பது போலப் பார்த்தாள். சட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

அப்போது சோபாவிலிருந்து அப்பா எழும்பினார். "நான் போடுறன்" என்றார். போட்டிருந்த சேர்ட்டைக் கழற்றினார். அப்பாவின் உடம்பு உனக்குத் தெரியும்தானே, விலா எண்ணலாம். வியோரிகா மெழுகுதிரியைக் கொளுத்தி, ரொட்டியை அவர் கையில் வைத்து, தன் மொழியில் ஏதோ சொன்னாள். அதில் இலியே என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது. அப்பா சட்டையைத் தலை வழியே மாட்டினார். கை நீண்டு விரலை மூடியது. கீழ்விளிம்பு முழங்காலுக்குக் கீழே போனது. அவள் அவருடைய கையை மடித்துவிட்டாள், இடுப்பில் அந்தத் தோல் பட்டியைச் சுற்றினாள். அது இரண்டு சுற்று வந்தது. அதைப் பார்த்து வியோரிகா சிரித்துவிட்டாள். மூன்று வருடத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு. சிரிப்பு பாதியில் உடைந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அப்பா அந்தச் சட்டையோடு கீழே இறங்கி, கடைத்தொகுதி வழியாக, நம் ஆட்கள் காய்கறி வாங்குகிற கடைக்கு முன்னால், டி-பானே நிலையம் வரை நடந்தார். வியோரிகா பக்கத்தில் நடந்தாள். "என்ன அண்ணை, நாடகமோ?" என்று யாரோ கேட்டார்கள். "இல்லைத் தம்பி, ஒரு ஆளுக்காகப் போட்டிருக்கிறன்" என்றார். நான் பத்தடி பின்னால் நடந்தேன். கிட்டப் போக எனக்குத் துணிவு வரவில்லை.

நீ ஆரணியோடு வாழப் போகிறாய். அப்பாவைப் போல இரு என்று சொல்ல ஆசை. ஆனால் நீ என் பிள்ளையும்தான். என்னிடமிருந்தும் ஏதாவது உன்னிடம் வந்திருக்கும். ஒன்றைக் கெடுத்துவிட்டால் அன்றைக்கே சொல். முதல் நாள் அது ஒரு சட்டை மட்டும்தான். நான் பொத்திப் பொத்தி வைத்ததில் அது ஒரு மனிதருடைய மானமாக வளர்ந்தது. கெட்ட எண்ணத்தோடு நான் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதற்குள் ஒளிந்துகொள்ளவும் எனக்கு இடமில்லை.

வியோரிகா அந்தக் கோடையிலேயே ஊருக்குத் திரும்பிவிட்டாள். வருடத்துக்கு ஒரு முறை, ஈஸ்டருக்கு, நான் தொலைபேசி எடுப்பேன். சுகம் விசாரிப்போம். போன கிழமை உன் கல்யாணத்தைச் சொல்ல எடுத்தேன். கட்டாயம் வர வேண்டும் என்றேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

"உன்ரை மகனுக்குத் தெரியுமோ?"

"எது?"

"இலியேயைப் பற்றி. அவன் போட்டுப் பார்த்த சட்டையைப் பற்றி."

"இல்லை" என்றேன். என் வாயிலிருந்து அவளுக்குப் போன இரண்டாவது "இல்லை" அது. இந்த முறை உண்மை.

"அவனுக்குத் தெரிஞ்சா வாறன்" என்றாள். "தெரியாமல் அந்த மண்டபத்திலை இருந்து உங்கடை சோத்தைத் தின்ன என்னாலை ஏலாது."

என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற கேள்வி இல்லை அது. இலியே இப்போதும் வருகிறார். வேலையை விட்டு ஒரு வருடமாகிவிட்டது, ஆனாலும் வாசலில் யாராவது சப்பாத்தைத் தட்டினால் கை நிற்கிறது. அது நிற்கட்டும். அவரைத் துரத்த நான் இதை எழுதவில்லை.

வியோரிகாவுக்கு அழைப்பிதழை நீ உன் கையெழுத்தில் அனுப்பு. முகவரியை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். அவள் வந்தால், கறுப்புக் கம்பளியும் தலைத்துணியுமாக, நம் சேலைகளுக்கு நடுவில் தனியாகத் தெரிவாள். நீ மணவறையிலிருந்து எழும்ப வேண்டாம். அவள் அட்சதை போட உன் முன்னால் வரும்போது, கை கூப்பி, அவருடைய பெயரைச் சொல்லு. நான் இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை அவளுக்கு முன்னால் ஒரு முறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. மேளச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காமல் போகலாம். உரக்கச் சொல்லு.

உன் அம்மா